பாஞ்சாலை வாசித்த இங்கிலீஷ்

பாஞ்சாலைக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் கிடையாது. சிலிண்டர் போட வருகிறவனைத் தூக்கிக் காட்டச் சொல்லி எடை பார்ப்பாள். மீன்காரி செவுளைத் திறந்து காட்டிய பிறகும் ஒரு முறை முகர்ந்து பார்ப்பாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் திருமலை சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தால், "இன்னா சிரிப்பு?" என்று கேட்ட பிறகுதான் தண்ணீர் கொடுப்பாள். "இவ கோயிலுக்குப் போனாலும் கற்பூரம் அசலான்னு பாத்துட்டுதான் கையெடுத்துக் கும்புடுவா" என்று திருமலை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் பாஞ்சாலையின் குரலை ஊரே நம்பியது. திருவண்ணாமலையில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் போகிறதே, அதில் பாதிக்கு மேல் அவள் குரல்தான். தேரடித் தெருவுக்குப் பின்னால் ராமதாஸ் என்பவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். அவருடைய சின்ன அறையில் உட்கார்ந்து அவள் பேசிவிட்டு வருவாள். ஆடித் தள்ளுபடி, புதிதாகத் திறக்கும் பல் ஆஸ்பத்திரி, பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் எந்த இடத்தில் அன்னதானம் என்று எதைச் சொன்னாலும், வீட்டு மனுஷி வாசலில் நின்று சொல்வதுபோல இருக்கும். காய்கறி வாங்கும்போது விலை கேட்டால் போதும், பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முகம் தெரியாது, குரல் தெரியும்.

படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். தமிழை எழுத்துப் பிசகாமல் வாசிப்பாள். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், பேருந்தின் நம்பர் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வேலையைச் சொன்னவர் ராமதாஸ்தான். "வேங்கிக்கால்ல புதுசா ஒருத்தர் ஆபீஸ் போட்டுகிறாரும்மா. உன் ரெக்கார்டிங்கக் கேட்டுட்டு, இந்தக் கொரல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மாசச் சம்பளம்."

கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது மனைகளில் பாதி கட்டியும் கட்டாமலும் நிற்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. போர்டு எதுவும் இல்லை. வாசலிலேயே பாஞ்சாலைக்கு மனசு இடறியது. மாடியில் கலையரசன் என்பவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த பேச்சு.

"இங்கிலீஷ் தெரியுங்களாம்மா?"

ஆட்டோவில் வரும்போதே அவள் இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தாள். "கொஞ்சம் கொஞ்சம் தெரியுங்க சார்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எவ்ளோ? படிச்சா அர்த்தம் புரியுமா?"

"இல்ல சார். ஏபிசிடி தெரியும். அர்த்தமெல்லாம் தெரியாது."

"அப்படீங்களா? பரவால்லம்மா, அது போதும்" என்றார். முகம் மறுபடி மலர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை திருமலையிடம் சொன்னாள். "தெரியும்னா மூஞ்சி வாடுது, தெரியாதுன்னா சிரிக்கிறான். இங்கிலீஷ் படிக்கிற வேலைக்கு இங்கிலீஷ் தெரியாதவ எதுக்கு?"

"படிக்காதவங்களுக்கு ஒருத்தன் வேலை குடுத்தா அதுலயும் குத்தம் கண்டுபுடி" என்றான் திருமலை. "புடிக்கலன்னா வுட்டுடு."

விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. இந்தக் குரல்தான் வேண்டும் என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அலுவலகத்தில் அவளைத் தவிர இன்னொரு பெண் இருந்தாள். வினோதினி. அவளும் கீழ்பென்னாத்தூர்க்காரி, இங்கிலீஷில் பட்டம் வாங்கியவள். இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில், எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே எழுதித் தருவது அவள் வேலை. முதல் நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"நம்ம எழுத்து மட்டும் பத்தாதுக்கா. பாட்டுக்கும் ஒரே ப, பஸ்ஸுக்கும் ஒரே ப. ஆனா வாய் வேற வேற மாதிரி போவுது இல்ல? அதனால பஸ்ஸுல வர்ற ப-வுக்கு மட்டும் கீழ கோடு போட்டுகிறேன். கல்லுல வர்ற க சும்மா இருக்கும், காந்தில வர்ற க-வுக்குக் கீழ கோடு. எழுத்து கொட்டையா இருந்தா அங்க அழுத்தணும். நடுவுல சாய்ஞ்ச கோடு வந்தா மூச்சு."

பாஞ்சாலை வாசித்தாள். முதலில் நாக்கு இடித்தது. இரண்டு, மூன்று தடவை போனதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. வினோதினி கைதட்டினாள். "அக்கா, டிவில நியூஸ் படிக்கிறவங்க தோத்தாங்க!"

அந்தச் சந்தோஷத்தைப் பாஞ்சாலையால் மறைக்க முடியவில்லை. அவள் வாயிலிருந்து, அவள் எழுத்தைப் படித்து, தெரியாத பாஷை ஒன்று நதிபோல வருகிறது. பஞ்சு ஒட்டிய அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசும்போது, செங்கம் ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரிகளில் ஒருத்தியாக மாறிவிட்டது போல இருக்கும். வினோதினியை அவளுக்குப் பிடித்துப்போனது. பிறந்த ஊர்ப் பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒரு புள்ளி பிசகாது. அந்த வீட்டில் சந்தேகப்பட வேண்டியதெல்லாம் இருந்தது, அந்தப் பெண்ணைத் தவிர.

சந்தேகப்பட என்னதான் இல்லை? உள்ளே வரும்போதே போனை வாங்கிக் கீழே அலமாரியில் வைத்துவிடுவார்கள். "ரெக்கார்டிங்ல சத்தம் விழும்" என்றார் கலையரசன். ராமதாஸ் அறையில் போனை சைலண்டில் போட்டால் போதுமே என்று அவள் நினைத்தாள். வாசித்து முடித்த தாளைக் கலையரசன் கையால் வாங்கி, அவள் எதிரிலேயே நாலாகக் கிழிப்பார். அழகான கையெழுத்தை ஏன் கிழிக்க வேண்டும்?

ஒரு நாள் வினோதினியிடம் கேட்டாள். "இதுக்கு இன்னா அர்த்தம் வினோதினி?"

"ஓட்டல்ல ரூம் புக் பண்றவங்களுக்குக்கா. உங்க ரூம் ரெடி, வாங்கன்னு சொல்றது."

வேறொரு நாள், ஏற்கெனவே யாரிடமும் கேட்காதவள்போல, கலையரசனிடமும் கேட்டாள். அவர் லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல், "இன்சூரன்ஸ் விளம்பரம்மா" என்றார்.

ஓட்டலா, இன்சூரன்ஸா? தாளில் இருப்பதை அவளே துருவிப் பார்த்தாள். தெரிந்த இங்கிலீஷ் சொல் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடினாள். 'டியகஸ் / டமயோ / பா / சல்ஹஸ்' என்று இருந்தது. எதுவும் பிடிபடவில்லை. கீழே ஓர் இடத்தில் 'டவர்' என்று இருந்தது. ஒரு தாளில் 'லீகல் / கேஸ்' என்று இருந்தது.

"டவர்னு வருது, கேஸ்னு வருது" என்று திருமலையிடம் சொன்னாள். "செல்போன் டவரா? சிலிண்டரா? ஓட்டல் ரூமுக்கும் சிலிண்டருக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஓட்டல்ல சமைக்க சிலிண்டர் வேணாமா?" என்றான் திருமலை. அதற்கு மேல் அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

கார்த்திகை தீபம் முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். கலையரசன் ஒரு புதுத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவருக்குத் திருப்தி இல்லை.

"நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா ரொம்ப அன்பா இருக்குது. கொஞ்சம் கண்டிப்பு வேணும். கோவம் கூடாது. கேட்கிறவங்களுக்கு லேசா ஒரு பயம் வரணும், அதே சமயம் இந்தம்மா நமக்கு நல்லதுதான் சொல்றாங்கன்னும் தோணணும். புரியுதுங்களா?"

பாஞ்சாலைக்குப் புரிந்தது. அவர் கேட்டபடியே வாசித்தும் காட்டினாள். ஆனால் ஹெட்போனைக் கழற்றும்போது ஒரு கேள்வி வந்தது. ரூம் ரெடி என்று சொல்வதற்கு எதற்குப் பயம் வர வேண்டும்?

மூன்று வாரம் கழித்து அதே வரிகளை அவர் மறுபடி வாசிக்கக் கொடுத்தார். தாளை வெளியே கொண்டுபோக முடியாது. ஆனால் வாயைச் சோதிக்க யாரும் இல்லை. "சார், இன்னொரு வாட்டி படிக்கிறேன், சரியா வரல" என்று சொல்லி மறுபடி மறுபடி வாசித்தாள். விளம்பரம் பேசிப் பழகிய வாய்க்கு வரிகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். தாள் கிழிபடும்போது அதிலிருந்ததெல்லாம் அவள் நாக்கில் இருந்தது. ஷேர் ஆட்டோவில் வீடு வரும் வரை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆந்திராக்காரம்மா, ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, கால் மடக்கி இடம் விட்டாள்.

பக்கத்து வீட்டு சுனந்தா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவார். பாஞ்சாலை போனபோது அவர் சமையலறையில் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் உட்கார்ந்து விவரம் சொன்னால் வரிகள் கலைந்துவிடுமோ என்று பயந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கதவுக்கு வெளியிலிருந்தே பாஞ்சாலை ஆரம்பித்துவிட்டாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, கண்டிப்பும் அன்பும் கலந்து, ரெக்கார்டிங்கில் பேசிய அதே வேகத்தில்.

உள்ளே தட்டு உருண்டது.

"கட் பண்ணு! கட் பண்ணு!" என்று சுனந்தா எச்சில் கையோடு ஓடிவந்தார். "யாரு போன் அது? ஒன்பது அமுக்கிடாத! பேசாத, கட் பண்ணு!"

வாசலில் பாஞ்சாலை மட்டும் நின்றிருந்தாள். கையில் போன் இல்லை.

சுனந்தா அவளையே பார்த்தார். "போன் எங்க?"

"போன் இல்லீங்க டீச்சர். நான்தான் பேசினேன்."

"இது எனக்கு வந்த போன்" என்றார் சுனந்தா மெதுவாக. "போன வாரம் வந்துச்சு. உங்க பேருக்கு வந்த பார்சலைக் கஸ்டம்ஸ்ல புடிச்சு வெச்சிருக்காங்க, அதுல சட்டவிரோதமான சாமான் இருக்குது, உங்க மேல கேஸ், எங்க அதிகாரிகிட்ட பேச ஒன்பது அமுக்குங்கன்னு. மோசடின்னு பேப்பர்ல படிச்சிருந்தேன், வெச்சுட்டேன். ஆனா வெச்சதுக்கப்புறமும் மனசு அடிச்சுகினே இருந்துச்சு. எங்கயோ கேட்ட கொரலா இருக்குதேன்னு."

ஜன்னல் விளிம்பில் சுனந்தாவின் போன் இருந்தது. பேசிக்கொண்டே, தன்னையறியாமல், சுத்தமாக இருந்த இடது கையால் அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பாஞ்சாலை அதைப் பார்த்தாள். பத்து வருஷமாக வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்.

"பார்சலா?" என்றாள் பாஞ்சாலை. "பார்சல்னா எனக்குத் தெரியாதா டீச்சர்? டெய்லி சொல்ற வார்த்தையாச்சே. அதுல பார்சல்னு எங்கயும் இல்லியே."

டீச்சர் 'டியர் கஸ்டமர், யுவர் பார்சல் ஹேஸ்' என்று சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னபோதுதான் பிடிபட்டது. 'பா' ஒரு பக்கம், நடுவில் மூச்சுக்கோடு, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'சல்'. கண்ணால் பார்த்தால் பார்சல் இல்லை. வாயால் வேகமாகச் சொன்னால், கேட்கிறவர் காதில் பார்சல். 'டு அவர்' என்ற இரண்டு சொல்லை ஒட்டி எழுதித்தான் டவர். அவள் சிலிண்டர் என்று நினைத்த கேஸ், போலீஸ் கேஸ். தெரிந்த சொற்களையெல்லாம் வெட்டி, வெட்டிய துண்டுகளை மாற்றி ஒட்டி, அவளுக்கு மட்டும் தெரியாதபடி எழுதியிருந்தார்கள்.

எழுதியிருந்தார்கள் என்ன, எழுதியிருந்தாள்.

மறுநாள் பாஞ்சாலை வேலைக்குப் போனாள். கலையரசன் வெளியூர் போயிருந்தார். வினோதினி எழுதிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை எதிரில் போய் நின்றாள்.

"பார்சலை ஏன் வெட்டின?"

பேனா நின்றது. "இன்னாக்கா?"

"பார்சல். பாவை இங்க வெச்ச, சல்லை அங்க வெச்ச. ஏன்?"

"அது... மூச்சு வுடறதுக்குக்கா."

"பார்சலுக்கு நடுவுல எவடி மூச்சு வுடுவா?"

வினோதினி தலை குனிந்துகொண்டாள். "சார்தான் அப்படி எழுதச் சொன்னாரு. வார்த்தை வார்த்தையா எழுதினா படிக்கிறவங்களுக்கு லேசா புரிஞ்சுடும், புரிஞ்சா கொரல் மாறிடும்னாரு" என்றாள்.

"உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"மொத நாள்லேருந்தா?"

"மொத நாள் இல்ல. ஒரு வாரம் கழிச்சு."

"ஓட்டல் ரூம்னு சொன்னியே, வினோதினி. என் மூஞ்சியப் பாத்து சொன்னியே."

அவள் அழ ஆரம்பித்தாள். பாஞ்சாலைக்கு அந்த அழுகையின் மேலும் சந்தேகம் வந்தது. "வா, எந்திரி" என்றாள். "போலீசுக்குப் போலாம். ரெண்டு பேரும் போயி சொல்லிடலாம்."

வினோதினி அசையவில்லை. "நீங்க போங்கக்கா. நீங்க தெரியாம படிச்சீங்க. நான் தெரிஞ்சுதான் எழுதினேன்."

பாஞ்சாலை கீழே இறங்கி அலமாரியிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். சைபர் குற்றப் பிரிவு அதே சாலையில், நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. இத்தனை மாதமும் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பாஞ்சாலை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இவ்ளோ மாசமா படிச்சீங்க. ஒரு வார்த்தைகூடப் புரியல?"

"புரியாத மாதிரிதான் எழுதிக் குடுத்தாங்கம்மா."

"புரியாம இப்படி யாராவது பேச முடியுமா? சரி, எதையாவது படிச்சீங்களே, சொல்லுங்க பார்ப்போம்."

பாஞ்சாலை சொன்னாள். பாதியிலேயே மேஜைக்குப் பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் கையை எடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டரில் எதையோ தேடி ஓடவிட்டார். அறை முழுக்கப் பாஞ்சாலையின் குரல். அவளே அதுவரை கேட்டிராத குரல் போல, மேலே உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிற குரல்.

"விழுப்புரம் பக்கம் ஒரு பெரியவர் குடுத்த புகார்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒன்பது அமுக்கினதுக்கப்புறம் அவரை ரெண்டு நாள் ரூமை விட்டு வெளியவே வர விடல, வீடியோ கால்லயே உட்கார வெச்சிருக்காங்க. இருந்ததெல்லாம் போச்சு. அப்புறம் பேசின ஆம்பளைங்க மேலகூட அவருக்குச் சந்தேகம் இருந்துச்சாம். மொதல்ல பேசின அம்மாவை நம்பித்தான் அமுக்கினேன்னு சொல்றாரு."



அன்று பொழுதுக்கும் அவளை அங்கேயே உட்கார வைத்தார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். சாயங்காலம் திருமலை வந்தான். டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் இல்லாத நேரம் பார்த்து, காதருகில் குனிந்து கேட்டான்.

"நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். சிலிண்டர் என்று சொன்னபோது சிரித்தவன், எல்லாவற்றிலும் குற்றம் காண்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னவன். அவளை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

போலீஸ் போய்ப் பார்த்தபோது மாடி வீடு பூட்டிக்கிடந்தது. லேப்டாப், மைக் எதுவும் இல்லை. சுவரில் பஞ்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கிடந்த சாக்கில், எரிக்க மறந்த கிழிசல் தாள்கள் கொஞ்சம் இருந்தன. கலையரசனின் போன் அணைக்கப்பட்டிருந்தது. வினோதினியின் போனை யாரும் எடுக்கவில்லை. அவள்தான் தகவல் கொடுத்து அவனைத் தப்பிக்க விட்டிருக்கிறாள் என்று பாஞ்சாலை அந்த நிமிஷமே முடிவு கட்டினாள். இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னாள்.

ஆனால் மறுநாள் காலை வினோதினி அப்பாவோடு தானாகவே ஸ்டேஷனுக்கு வந்தாள். தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கலையரசன் யாரோடு பேசுவான், எந்த ஊருக்கு அடிக்கடி போவான் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. தை பிறந்த பிறகு ஓசூரில் ஒரு லாட்ஜில் அவனைப் பிடித்தார்கள். அவனுக்கு மேலே இருந்தவர்கள் இன்னும் அகப்படவில்லை.

பாஞ்சாலை சாட்சியானாள். கேஸ் அவள் மேல் வரவில்லை; வினோதினி மேல் வந்தது, ஜாமீனில் வெளியே இருந்தாள். ஆனால் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. ராமதாஸ் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஜவுளிக் கடைக்காரங்கதான் இப்போதைக்கு வேற கொரல் போடுன்றாங்க. கொஞ்ச நாள் போவட்டும்." உன்னை அந்த வேலைக்கு அனுப்பினவன் நான்தானே என்று அவர் சொல்வார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அவருக்கு முன்பே ஏதாவது தெரிந்திருக்குமோ என்ற நினைப்பும் அவளுக்கு வந்தது. வந்ததை விரட்டவும் முடியவில்லை.

சுனந்தாவின் சொந்தக்காரர் அனந்தநாதன் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருந்தார். சுனந்தாதான் அவரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்ட அந்த நிமிஷத்தைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசவில்லை. கடையில் பாஞ்சாலை அதிகம் பேசுவதில்லை. எண்ணெயை அளந்து கொடுப்பாள், தலையை ஆட்டுவாள்.

சித்திரையில் ஒரு நாள் கோர்ட் உத்தரவு வந்தது. குரல் மாதிரி எடுக்க பாஞ்சாலையும், கையெழுத்து மாதிரி கொடுக்க வினோதினியும் சென்னைக்குப் போக வேண்டும். ஒரு பெண் போலீஸ் இருவரையும் ஒரே பஸ்ஸில் அழைத்துப் போனார். போகும்போது பாஞ்சாலை முன் சீட்டிலும் வினோதினி பின் சீட்டிலும் உட்கார்ந்தார்கள்.

சென்னையில் தடயவியல் ஆய்வகத்தில் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். வயதான அதிகாரி ஒருவர் தாளைக் கொடுத்தார். அதே வாக்கியங்கள், தமிழ் எழுத்தில். ஆனால் இந்த முறை வெட்டாமல், ஒட்டாமல், சொல் சொல்லாக. 'யுவர் பார்சல்'. 'கஸ்டம்ஸ்'. 'கேஸ்'. 'ஆபீசர்'. எல்லாமே அவளுக்குத் தெரிந்த சொற்கள். அதுவரை தண்ணீராய் ஓடிய வரிகள் தொண்டையில் வந்து வந்து நின்றன. ஒவ்வொரு சொல்லிலும் விழுப்புரத்துப் பெரியவர், ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா திக்கித் திக்கிப் படிக்கிறீங்க? எப்பவும் படிக்கிற மாதிரி படிங்க" என்றார் அதிகாரி. அவர் பார்வையில் சந்தேகம் இருந்தது. வேண்டுமென்றே குரலை மாற்றுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"புரிஞ்சு படிக்கிறேன் சார். அதான் வர மாட்டேங்குது."

தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வழியாக முடிந்து வெளியே வந்தபோது வினோதினி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரே தாளைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்களாம். விரலெல்லாம் மை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பெண் போலீசுக்கு டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. இவர்கள் இருவருக்கும் ஒரே சீட்தான் மிஞ்சியது. திண்டிவனம் தாண்டும் வரை பாஞ்சாலை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் வினோதினி. "நான்தான் சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்னு நெனக்கிறீங்க இல்ல?"

"ஆமா" என்றாள் பாஞ்சாலை.

"பண்ணலக்கா. நீங்க எறங்கிப் போனதும் நானும் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ராத்திரியெல்லாம் அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே உக்காந்திருந்தேன். என் போனை வாங்கி எல்லாத்தையும் பாத்துட்டாங்க."

இது பாஞ்சாலைக்குத் தெரியும். இன்ஸ்பெக்டரே சொல்லியிருந்தார். வினோதினியின் போனிலிருந்து அன்று யாருக்கும் எந்த அழைப்பும் போகவில்லை; பணம் போய்ச் சேர்ந்த ஒரு கணக்கை வங்கி முடக்கியதும் கலையரசன் தானாகவே உஷாராகி ஆளை அனுப்பி வீட்டைக் காலி செய்திருக்கிறான். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, 'ஓட்டல் ரூமுக்குக்கா' என்று சொன்னதும் இதே முகம்தானே என்று தோன்றியது.

"இன்னொருத்தர் போன்ல பண்ணியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

வினோதினி கோபப்படவில்லை. "பண்ணியிருக்கலாம்" என்றாள். "ஆனா பண்ணல."

செஞ்சியில் பஸ் நின்றபோது ஒருவன் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு வந்தான். பாஞ்சாலை ஒரு கட்டு வாங்கினாள். ஒன்றை முறித்து நுனியைத் தின்று பார்த்தாள். கசக்கவில்லை. மீதியை வினோதினியிடம் நீட்டினாள். அவள் மை படிந்த விரலால் வாங்கிக்கொண்டாள்.

கீழ்பென்னாத்தூரில் வினோதினி இறங்கினாள். அவளுடைய அப்பா டிவிஎஸ் வண்டியோடு கடையோரம் காத்திருந்தார். பஸ் நகர்ந்தது. அந்தப் பெண் போனை எடுக்கிறாளா, யாருக்காவது பேசுகிறாளா என்று பாஞ்சாலை ஜன்னல் வழியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வினோதினி வண்டியில் ஏறி உட்கார்ந்து, பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பாஞ்சாலையும் தூக்கினாள். வண்டி சந்துக்குள் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.